‘ஸ்கிரேப்’: சுரண்டலா, வழித்தலா, துருவலா? ஓர் ஆங்கிலச் சொல்லுக்கு முழுமையான வழிகாட்டி

கையடக்க அகராதியில் ‘ஸ்கிரேப்’ என்ற சொல்லைத் தேடினால் ‘சுரண்டு’ என்று ஒரே சொல்லில் பொருள் முடிந்துவிடும். ஆனால் தோசைமாவுப் பாத்திரத்தை நாம் சுரண்டுவதில்லை, வழிக்கிறோம். தேங்காயைத் துருவுகிறோம். கீழே விழுந்தால் முழங்கால் சிராய்க்கிறது. வரப்பில் புல் செதுக்குகிறோம். சுவரில் ஒட்டிய பழைய சுவரொட்டியைத்தான் சுரண்டுகிறோம். இவை எல்லாவற்றுக்கும் ஆங்கிலம் இந்த ஒரு சொல்லை வைத்தே சமாளிக்கிறது. புல் செதுக்குவதுகூட, மண்வெட்டியைக் கிடையாகப் பிடித்து மேல்மண்ணோடு எடுத்தால், ஸ்கிரேப்தான்.

தமிழ் வினைகள் கருவியையும் பொருளையும் பார்த்துப் பிரிகின்றன. ஆங்கில வினை விளிம்பு உரசும் அசைவை மட்டும் பார்க்கிறது. இந்த வேறுபாடு மனத்தில் பதிந்துவிட்டால் இச்சொல்லைப் பிழையில்லாமல் ஆளலாம், மொழிபெயர்க்கவும் செய்யலாம். கீழே உள்ள வரிசையிலேயே படிப்பது நல்லது. பின்னால் வரும் மரபுத்தொடர்கள் முன்னால் சொல்லும் படத்தின் மேல் நிற்கின்றன.

1. முதலில் ஒலியும் எழுத்தும்

எழுத்துகள் ஆறு: எஸ், சி, ஆர், ஏ, பி, இ. கடைசி ‘இ’ ஒலிப்பதில்லை. ஆனால் அது இருப்பதால்தான் நடு உயிர் நெடிலாகிறது. சொல் முழுவதும் ஒரே அசை. நடு உயிர் நம் ‘ஏ’ போலத் தட்டையாக நிற்காமல் ‘எய்’ என்று மேலேறி முடியும்: ஸ்க்ரெய்ப்.

தமிழில் மூன்று மெய்கள் சேர்ந்து சொல்லைத் தொடங்குவதில்லை. அதனால் வாய் தானாக ஓர் உயிரைக் கொண்டுவந்து முன்னால் ஒட்டி ‘இஸ்கிரேப்’ என்றோ, நடுவில் நுழைத்து ‘சிகிரேப்’ என்றோ சொல்லிவிடும். இதைச் சரிசெய்ய ஒரு பயிற்சி உண்டு. முதலில் ‘க்ரேப்’ என்று மட்டும் ஐந்தாறு முறை சொல்லுங்கள். பிறகு பாம்பு சீறுவதுபோல் ‘ஸ்ஸ்ஸ்’ என்று நீட்டி, மூச்சை நிறுத்தாமல் அதிலேயே ‘க்ரேப்’பில் இறங்குங்கள். நீட்டலைப் படிப்படியாகக் குறைத்தால் சொல் சரியாக விழும்.

இறந்தகால வடிவம் ‘ஸ்கிரேப்ட்’. எழுத்தில் ‘இ, டி’ என்று முடிந்தாலும் காதில் விழுவது வல்லின ‘ட்’ மட்டும். ‘ஸ்கிரேப்பெட்’ என்று இரண்டு அசையாக இழுப்பது பிழை.

எழுத்தில்தான் பெரிய பள்ளம் இருக்கிறது. இதன் பக்கத்திலேயே ‘ஸ்கிராப்’ என்று இன்னொரு சொல் நிற்கிறது. கடைசி ‘இ’ கிடையாது. பெயராக அது துண்டு, கழிவு, பழைய இரும்பு. வினையாக, ஒரு திட்டத்தையோ வண்டியையோ வேண்டாம் என்று கைவிடுவது. ‘இங்’ விகுதி சேரும்போது இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாகத் தெரியும். ‘ஸ்கிரேப்பிங்’ என்பதில் ‘பி’ ஒன்று. ‘ஸ்கிராப்பிங்’ என்பதில் ‘பி’ இரண்டு. நிறுவனம் பழைய விதியைக் கைவிடுகிறது என்று எழுத வந்தவர் ஒரு ‘பி’யை விட்டுவிட்டால், நிறுவனம் விதியைச் சுரண்டிக்கொண்டிருக்கிறது என்று பொருள் வந்துவிடும். கணினியின் பிழைதிருத்தி இதைப் பிடிப்பது அரிது, ஏனென்றால் இரண்டுமே சரியான சொற்கள். நினைவில் வைக்க வழி: உயிர் குறிலானால் மெய் இரட்டிக்கும், நெடிலானால் இரட்டிக்காது. ‘ஹோப்பிங்’ (நம்புதல்) ஒரு ‘பி’, ‘ஹாப்பிங்’ (நொண்டி அடித்தல்) இரண்டு ‘பி’ என்பதும் இதே கணக்குதான்.

2. சொல்லுக்குள் இருக்கும் படம்

கெட்டியான ஒரு விளிம்பு, அதன் கீழே ஒரு மேற்பரப்பு, இரண்டும் அழுத்தத்தோடு உரசிப் போகும் ஓர் அசைவு. ‘ஸ்கிரேப்’ என்றால் இவ்வளவுதான். பெரும்பாலும் மேலே ஒட்டியிருந்த ஏதோ ஒன்று உதிர்ந்தோ உரிந்தோ வரும். சில சமயம் ஒன்றும் வராது, ‘கரகர’ என்ற ஓசை மட்டும் வரும். நாற்காலியைத் தூக்காமல் தரையோடு இழுப்பதும் ஸ்கிரேப்தான்.

ஒரு செயலை இச்சொல்லால் குறிக்கலாமா என்று தெரிய மூன்றைக் கேளுங்கள். தொடுவது விளிம்பா, முனையா, பரப்பா? அசைவு மேற்பரப்பை ஒட்டியே போகிறதா, உள்ளே இறங்குகிறதா? வருவது மெல்லிய படலமா, துண்டா? விளிம்பு, ஒட்டிய அசைவு, மெல்லிய படலம் என்று விடை வந்தால் தயங்காமல் ‘ஸ்கிரேப்’ என்று எழுதலாம்.

தொடுவது முனையானால் அது ‘ஸ்கிராட்ச்’. ஆணி, நகம், முள், பூனையின் விரல் எல்லாம் முனை. அவை கோடு கிழிக்கும். தமிழில் கீறு, பிராண்டு என்கிறோம், இலங்கையில் விறாண்டு. தொடுவது தட்டையான பரப்பானால் ‘ரப்’, அதாவது தேய். தூரிகையோ நாரோ சோப்பும் தண்ணீருமாகப் போனால் ‘ஸ்கிரப்’. தோலை ஒரு நுனியில் பிடித்து இழுத்தால் முழுசாகக் கழன்று வருமானால் ‘பீல்’, உரி. அசைவு உள்ளே இறங்கிப் பொருளைக் குடைந்தால் ‘ஸ்கூப்’ அல்லது ‘கவுஜ்’.

வண்டிக் காப்பீட்டுப் படிவம் நிரப்புகிறவர்களுக்கு இந்தப் பிரிவு உடனே பயன்படும். சாவியால் யாரோ கோடு போட்டிருந்தால் ‘ஸ்கிராட்ச்’. வாசல் தூணில் உரசிப் பெயின்ட் அகலமாகப் போயிருந்தால் ‘ஸ்கிரேப்’. தகடே உள்ளே அமுங்கியிருந்தால் ‘டென்ட்’. மூன்றுக்கும் செய்யும் வேலை வேறு: முதலாவதைப் பாலிஷ் போட்டே மறைத்துவிட முடியலாம், இரண்டாவதற்குப் பெயின்ட் வேண்டும், மூன்றாவதற்குத் தகட்டைத் தட்டி நிமிர்த்த வேண்டும்.

உடம்பில் பட்ட காயத்துக்கும் இதே அளவுகோல் பொருந்தும். தார்ச்சாலையில் விழுந்து மேல்தோல் அகலமாக உரிந்தால் ‘ஸ்கிரேப்’ அல்லது ‘கிரேஸ்’; முள் கிழித்தால் ‘ஸ்கிராட்ச்’; பிளேடு இறங்கினால் ‘கட்’. மருத்துவர் குறிப்பேட்டில் சிராய்ப்பை ‘அப்ரேஷன்’ என்று எழுதுவார். அந்தச் சொல்லுக்குள்ளும் சுரண்டல்தான் ஒளிந்திருக்கிறது; அதை வேர் பார்க்கும் இடத்தில் காணலாம்.

3. சமையலறையில் இச்சொல்

ஆங்கிலச் சமையல் குறிப்புகளைப் படிக்கிறவர்களும், தமிழ்க் குறிப்பை ஆங்கிலத்தில் எழுதுகிறவர்களும் அதிகம் தடுமாறுவது இங்கேதான். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

‘ஸ்கிரேப் டவுன் த சைட்ஸ் ஆஃப் த பௌல்’ என்று குறிப்பில் வந்தால், பாத்திரத்தின் ஓரத்தில் ஒட்டியிருப்பதை வழித்துக் கீழே தள்ள வேண்டும். மிக்ஸியை நிறுத்திவிட்டுச் செய்ய வேண்டிய வேலை. கிரைண்டரில் மாவு ஆட்டும்போது நடுநடுவே கையால் வழித்துவிடுகிறோமே, அதுதான். இதைச் ‘சுரண்டிவிடுங்கள்’ என்று மொழிபெயர்த்தால் படிப்பவர் கத்தியைத் தேடுவார். ‘டவுன்’ போய் ‘அவுட்’ வந்தால் பாத்திரத்தில் இருப்பதையெல்லாம் மிச்சமில்லாமல் வழித்து வெளியே எடுக்க வேண்டும் என்று பொருள். ‘ஸ்கிரேப் அப் த பிரௌன் பிட்ஸ்’ என்றால் வதக்கும்போது அடியில் ஒட்டிய செம்பழுப்புத் துணுக்குகளைத் தண்ணீரோ சாறோ விட்டுக் கிளப்ப வேண்டும். அந்தத் துணுக்குகளில்தான் சுவை இருக்கிறது. அடிப்பிடித்த காந்தல் என்று நினைத்து ஒதுக்கிவிடக் கூடாது. நான்ஸ்டிக் சட்டியானால் மரக்கரண்டியே வேண்டும், ஏனென்றால் இரும்புக் கரண்டியால் ‘ஸ்கிரேப்’ செய்தால் பூச்சு ‘ஸ்கிராட்ச்’ ஆகும். இரண்டு சொல்லுக்கும் உள்ள வேறுபாடு இந்த ஒரு வாக்கியத்திலேயே தெரிந்துவிடும்.

காய்கறியில் ‘பீல்’, ‘ஸ்கிரேப்’ இரண்டும் வரும். ‘பீல்’ என்றால் தோலைச் சீவியோ உரித்தோ எடுப்பது. ‘ஸ்கிரேப்’ என்றால் கத்தியை நட்டமாகப் பிடித்து, அல்லது கரண்டி விளிம்பால், மேல்தோலை மட்டும் தேய்த்தெடுப்பது. பிஞ்சுக் கேரட்டுக்கும் இஞ்சிக்கும் அதுவே சரி. இஞ்சியைக் கத்தியால் சீவினால் வளைவுகளில் தோலோடு சதையும் போகும். கரண்டியால் சுரண்டினால் தோல் மட்டும் வரும். வேகவைத்த முருங்கைக்காயைப் பிளந்து சதையைக் கரண்டியால் எடுப்பதும் ‘ஸ்கிரேப்’, தமிழில் வழித்தெடுப்பது.

தேங்காய்க்கு வருவோம். இந்திய ஆங்கிலக் குறிப்புகளில் ‘கிரேட்டட் கோகனட்’ என்பது வழக்கம். இலங்கை ஆங்கிலத்தில் ‘ஸ்கிரேப்ட் கோகனட்’ என்பது பரவலாக உண்டு. கருவியின் பெயரும் அங்கே ‘கோகனட் ஸ்கிரேப்பர்’தான். எது சரி என்று சண்டை போட வேண்டியதில்லை. அரைமூடியைக் கையில் பிடித்துப் பல்வைத்த வட்ட அலகின் மேல் திருப்பித் திருப்பிச் சுரண்டுவது அசைவு. பூவாய் உதிர்வது விளைவு. இலங்கை வழக்கு அசைவைச் சொல்கிறது, இந்திய வழக்கு விளைவைச் சொல்கிறது. தமிழிலும் இதே பிளவு இருக்கிறது பாருங்கள்: ‘துருவல்’ என்பது அசைவிலிருந்து வந்த பெயர், ஈழத்தில் சொல்லும் ‘தேங்காய்ப்பூ’ விளைவைப் பார்த்து வந்த பெயர். ஓட்டை போட்ட தகட்டில் கேரட்டைத் தேய்த்து எடுப்பதற்கு மட்டும் ‘கிரேட்’ என்றே சொல்ல வேண்டும். அங்கே ‘ஸ்கிரேப்’ என்றால் தோல் சுரண்டுவது என்று ஆகிவிடும். குறிப்பு எழுதும்போது மூடியின் பழுப்புத் தோல் வருமுன் நிறுத்தச் சொல்ல மறக்க வேண்டாம். அதுவும் சேர்ந்தால் சட்னி நிறம் மங்கும். ஆங்கிலத்தில்: ‘ஸ்டாப் ஸ்கிரேப்பிங் வென் யூ ரீச் த பிரௌன் ஸ்கின்’.

4. வாக்கியத்தில் எப்படி உட்காரும்

இந்த வினை இரண்டு விதமான செயப்படுபொருளை ஏற்கும். அதுதான் குழப்பத்துக்கு முதல் காரணம்.

நீங்குவதைச் செயப்படுபொருளாக வைக்கலாம்: ‘ஸ்கிரேப் த பெயின்ட் ஆஃப் த டோர்’, கதவிலிருந்து பெயின்டைச் சுரண்டி எடு. இங்கே ‘ஆஃப்’ அல்லது ‘ஃபிரம்’ கட்டாயம். பரப்பைச் செயப்படுபொருளாகவும் வைக்கலாம்: ‘ஸ்கிரேப் த டோர்’, கதவைச் சுரண்டு. இங்கே ‘ஆஃப்’ போட்டால் கதவையே பெயர்த்து எடுப்பதுபோல் ஆகும். பரப்பு எந்த நிலைக்கு வந்தது என்று காட்ட வேண்டுமானால் பின்னால் ஒரு பெயரடை சேர்ப்பார்கள்: ‘ஸ்கிரேப் த பிளேட் கிளீன்’. தமிழில் அதே இடத்தில் வினையடை வேண்டும்: தட்டைச் சுத்தமாக வழித்துவிடு. ‘கிளீன்’ என்பதைப் பெயரடை என்று பிடித்துக்கொண்டு ‘சுத்தமான தட்டை வழி’ என்று மாற்றினால் பொருள் தலைகீழாகிவிடும்.

நம் விருப்பமில்லாமல் நடப்பதற்கும் இதே வினைதான். ‘ஷி ஸ்கிரேப்ட் ஹெர் நீ’ என்றால் அவள் வேண்டுமென்றே முழங்காலைச் சுரண்டவில்லை. அவளுக்கு முழங்காலில் சிராய்த்துவிட்டது. தமிழ் இதை ‘அவளுக்கு’ என்ற நான்காம் வேற்றுமையில் சொல்லும், ஆங்கிலம் அவளையே எழுவாயாக்கும். ‘ஹி ஸ்கிரேப்ட் த கார் ஆன் த வால்’ என்பதும் அப்படியே: கார் சுவரில் உரசிவிட்டது. செயப்படுபொருளே இல்லாமலும் வரும்; மரக்கிளை சன்னலில் உரசிக் கரகரப்பதை ‘ஸ்கிரேப் அகெய்ன்ஸ்ட்’ என்பார்கள்.

பெயர்ச்சொல்லாக வரும்போது பொருள் நான்கு. சிராய்ப்பு ஒன்று. உரசும் ஓசை ஒன்று. வம்பு, இக்கட்டு ஒன்று. நான்காவது அழகானது: தரையில் முட்டையிடும் பறவைகள் காலாலும் மார்பாலும் மண்ணைச் சீய்த்து ஏற்படுத்தும் ஆழமில்லாக் குழிக்கும் பறவையியலாளர்கள் சொல்லும் பெயர் ‘ஸ்கிரேப்’. நம் வயல்வெளிகளில் கத்திக்கொண்டு பறக்கும் ஆள்காட்டியின் கூடு அப்படிப்பட்டது. கோழி குப்பையைச் சீய்ப்பதை மட்டும் ஆங்கிலத்தில் ‘ஸ்கிராட்ச்’ என்பார்கள். அங்கே வேலை செய்வது நகமுனை.

5. வேர்: வாள்முனையோடு வந்த ‘ஸ்க்’

பழைய ஆங்கிலத்தில் ‘ஸ்கிரபியன்’ என்று ஒரு வினை இருந்தது. சுரண்டுவது, பிராண்டுவது என்று பொருள். அது இயல்பாக வளர்ந்திருந்தால் இன்று ‘ஷ்ரேப்’ என்றுதான் ஒலிக்க வேண்டும். ஏனென்றால் பழைய ஆங்கிலத்தின் ‘ஸ்க்’ ஒலி ஏறத்தாழ எல்லா இடத்திலும் ‘ஷ்’ ஆகிவிட்டது. ‘ஷிப்’, ‘ஃபிஷ்’, ‘ஷர்ட்’ எல்லாம் அப்படி வந்தவை. ‘ஸ்கிரேப்’ மட்டும் ஏன் ‘ஸ்க்’கோடு நிற்கிறது?

விடை வடகடலுக்கு அப்பால் இருக்கிறது. கி.பி. 793இல் இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையிலிருந்த லிண்டிஸ்ஃபார்ன் மடத்தைத் தாக்கியதில் தொடங்கி, வைக்கிங்குகள் என்ற ஸ்காண்டிநேவியக் கடலோடிகள் இங்கிலாந்துக்குள் வந்தார்கள். பிறகு வடக்கிலும் கிழக்கிலும் குடியேறி உழவு செய்தார்கள். அவர்கள் பேசிய பழைய நார்ஸ் மொழியில் ‘ஸ்க்’ ஒலி மாறவே இல்லை. அந்த மொழியின் ‘ஸ்க்ரபா’ என்ற வினைதான் ஆங்கிலச் சொல்லைத் தன் பக்கம் இழுத்தது. ‘ஸ்கை’, ‘ஸ்கின்’, ‘ஸ்கில்’ ஆகியவையும் அந்தக் குடியேறிகள் விட்டுச்சென்றவை. ‘ஷர்ட்’, ‘ஸ்கர்ட்’ என்ற இரட்டையர் இதற்கு நல்ல சான்று: ஒரே வேர், முன்னது உள்ளூர், பின்னது நார்ஸ்.

‘ஸ்கிராப்’ என்ற சொல்லும் இதே குடும்பம்தான். நார்ஸில் ‘ஸ்க்ரப்’ என்றால் சுரண்டி எடுத்த சில்லறைத் துணுக்கு. நம் காயலான் கடைக்காரர் ‘ஸ்கிராப் ரேட்’ சொல்லும்போது வைக்கிங்குகளின் சொல்லைத்தான் சொல்கிறார். எழுத்துக்கட்டைகளைக் கோத்து விளையாடும் ‘ஸ்கிராபிள்’ டச்சு வழியாக வந்தது. கையால் பிராண்டித் தேடுவது என்று பொருள்.

இன்னும் பின்னால் போனால் இந்தோ-ஐரோப்பிய மொழிகளுக்கெல்லாம் பொதுவாக மொழியியலாளர் மீட்டுருவாக்கியிருக்கும் ‘ஸ்கெர்’ என்ற வேர் வரும். வெட்டு என்று பொருள். ‘ஷியர்’, ‘ஷார்ட்’, ‘ஸ்கோர்’ எல்லாம் அதன் கிளைகள். ‘ஸ்கோர்’ என்றால் முதலில் குச்சியில் வெட்டிய கணக்குக் கீறல். தொடக்ககாலக் கிரிக்கெட்டில் ஓட்டங்களைக் குச்சியில் வெட்டிக் குறித்தார்கள்.

சுரண்டலுக்கு இலத்தீன் தனியாக ஒரு குடும்பத்தை ஆங்கிலத்துக்குக் கொடுத்தது. ‘ராடெரே’ என்றால் சுரண்டு, மழி. ‘ரேஸர்’ அதிலிருந்து வந்தது. ‘இரேஸ்’ என்றால் சுரண்டி வெளியேற்று, ‘அப்ரேஷன்’ என்றால் சுரண்டி விலக்குதல். தமிழிலும் முகம் ‘வழித்தல்’ என்றே சவரத்தைச் சொல்கிறோம். இரு மொழியும் ஒரே செயலை ஒரே கண்ணால் பார்த்திருக்கின்றன. தோலில் எழுதிய காலத்தில் அழிப்பது என்பதே சுரண்டுவதுதான். விலை உயர்ந்த தோலேட்டைச் சுரண்டிவிட்டு மேலே வேறொன்றை எழுதுவார்கள். அப்படிப்பட்ட ஏட்டுக்குக் கிரேக்கத்திலிருந்து வந்த பெயர் ‘பாலிம்ப்செஸ்ட்’, மறுபடி சுரண்டியது. பழங்காலக் கிரேக்கக் கணித மேதை ஆர்க்கிமிடீஸின் ஆய்வுரைகளை 10ஆம் நூற்றாண்டில் படியெடுத்த ஏடு ஒன்றை 13ஆம் நூற்றாண்டில் சுரண்டிப் பிரார்த்தனை நூலாக்கிவிட்டார்கள். 1998இல் 20 லட்சம் டாலருக்கு ஏலம் போன அந்த ஏட்டில், பலநிறமாலைப் படமெடுப்பின் (வெவ்வேறு நிற ஒளிகளில் படம் எடுக்கும் முறையின்) உதவியால் அடியிலிருந்த கணிதம் மீண்டும் படிக்கக் கிடைத்தது. சுரண்டினாலும் மை முழுதாகப் போவதில்லை.

எழுதுவதுமே கீறல்தான். ஆங்கில ‘ரைட்’டின் பழம்பொருள் கீறு. வடமொழியில் ‘லிக்’ என்ற வேருக்குக் கீறு, எழுது என்ற இரு பொருளும் உண்டு. இலங்கையில் அலுவலக எழுத்தரை ‘இலிகிதர்’ என்பது அதன் வழி.

இவ்வளவையும் படித்தவுடன் ஒரு ஆசை வரும்: ‘சுரண்டு’, ‘ஸ்கிரேப்’ இரண்டிலும் ச-ர ஒலி வருகிறதே, தமிழிலிருந்துதான் போயிருக்குமோ? போகவில்லை. ஒலி ஒத்திருப்பது மட்டும் சான்றாகாது. சொல் எந்த வழியாக, எந்தக் காலத்தில், யாருடைய வாயில் பயணம் செய்தது என்று காட்ட வேண்டும். கட்டுமரம், சுருட்டு, மிளகுத்தண்ணீர் மூன்றும் ஆங்கிலத்துக்குப் போனதற்கு வணிகமும் கப்பலும் எழுத்துப் பதிவும் உண்டு. உண்மையாகவே போன சொற்கள் நமக்கு நிறைய இருக்கும்போது, போகாததற்குச் சொந்தம் கொண்டாடினால் போனவற்றின் மதிப்பும் குறையும்.

6. மரபுத்தொடர்கள்: நெருக்கிப் பிழைத்தல்

உருவகப் பொருள்கள் பெரும்பாலும் இரண்டு படங்களிலிருந்து பிறக்கின்றன. ஒன்று, அடியில் ஒட்டிய கடைசித் துளியை வழித்தெடுப்பது. மற்றது, இடுக்கில் உடம்பு உரச நுழைந்து வெளியேறுவது.

முதல் படத்தில் பணம் வரும். ‘ஸ்கிரேப் டுகெதர்’ என்றால் அங்கே இங்கே பார்த்துப் பணம் புரட்டுவது. ‘திரட்டு’ என்பதைவிடப் ‘புரட்டு’ என்பதே சரியாகப் பொருந்தும், ஏனென்றால் பாடு அதில் தெரிகிறது. ‘ஸ்கிரேப் பை’ என்றால் கைக்கும் வாய்க்குமாக ஓட்டுவது. தொகையைச் சொல்ல வேண்டுமானால் அடுத்து ‘ஆன்’ போட வேண்டும். ‘ஸ்கிரேப் த பாட்டம் ஆஃப் த பேரல்’ என்றால் நல்லதெல்லாம் தீர்ந்து, மிஞ்சிய மட்டமானதை எடுப்பது. பீப்பாயின் அடியைச் சுரண்டும் படம். ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்ற பழமொழி பக்கத்தில் வரும், ஆனால் அதில் இகழ்ச்சி குறைவு. ஆங்கிலத் தொடரில் இகழ்ச்சி உறுதி. ஒருவரை வேலைக்கு எடுத்ததைப் பற்றி இப்படிச் சொன்னால் அவருக்கு அவமானம்.

இரண்டாம் படத்தில் தேர்வு வரும். 35 மதிப்பெண் தேர்ச்சி என்றால் 35ஓ 36ஓ வாங்கித் தேறுவது ‘ஸ்கிரேப் த்ரூ’. நம் ‘பார்டர் பாஸ்’. கல்லூரியில் கடைசி இடத்தில் நுழைந்தால் ‘ஸ்கிரேப் இன்ட்டு’. இவற்றை வாழ்த்து மடலில் எழுதக் கூடாது. தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொண்டால் பணிவு, பிறரைப் பற்றிச் சொன்னால் குத்தல்.

‘கெட் இன்ட்டு எ ஸ்கிரேப்’ என்றால் வம்பில் மாட்டிக்கொள்வது. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இந்தப் பொருள் இருக்கிறது. இடுக்கில் உரசி மாட்டிக்கொண்ட நிலை அதற்கு அடியாக இருக்கலாம் என்பது அகராதிக்காரர்களின் கருத்து. பெரும்பாலும் தானே இழுத்துவிட்டுக்கொண்ட சிறிய வம்புக்குத்தான் வரும். சிறுவர்கள் மாங்காய் பறித்து மாட்டினால் பொருந்தும். சாவு, பெருநோய், வழக்கு முதலியவற்றுக்கு இதைச் சொன்னால் நெஞ்சில் ஈரமில்லாததுபோல் ஒலிக்கும்.

‘பௌ அண்ட் ஸ்கிரேப்’ என்பதற்குத் தமிழில் அச்சாக ஒரு சொல் இருக்கிறது: கூழைக்கும்பிடு. குனிந்து வணங்கும்போது ஒரு காலைப் பின்னால் இழுப்பது 17ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய மரியாதை. காலணி தரையில் உரசும், அந்த உரசல்தான் ‘ஸ்கிரேப்’.

‘ஸ்கைஸ்கிரேப்பர்’ கட்டடத்துக்கு முன்பே கப்பலில் இருந்தது. பாய்மரத்தின் உச்சியில் கட்டும் சிறு முக்கோணப் பாய்க்கு அந்தப் பெயர். சிகாகோவில் 1885இல் 10 மாடிகளோடு எழுந்த ஹோம் இன்ஷூரன்ஸ் கட்டடத்தின் காலத்தில்தான் அது கட்டடங்களுக்கு மாறியது. பிரெஞ்சும் வானத்தைச் சுரண்டுகிறது, ஜெர்மன் மேகத்தைப் பிராண்டுகிறது. தமிழ் வானத்தை ‘அளாவுகிறது’. காயப்படுத்தாமல் தொட்டுக் கலக்கிறது. நம் சொல் எனக்கு இன்னும் இனிது.

7. ‘சுரண்டு’ என்று இருந்தாலும் ‘ஸ்கிரேப்’ ஆகாத இடங்கள்

தொழிலாளரைச் சுரண்டுவது ‘எக்ஸ்ப்ளாய்ட்’. ஆங்கில ‘ஸ்கிரேப்’புக்கு இந்தப் பொருள் அறவே கிடையாது. ‘உழைப்புச் சுரண்டல்’ என்பதை ‘லேபர் ஸ்கிரேப்பிங்’ என்று எழுதினால் படிப்பவருக்கு எதுவும் புரியாது. அட்டையில் வெள்ளிப்பூச்சைச் சுரண்டி எண் பார்ப்பது ‘ஸ்கிராட்ச் கார்ட்’. ‘துருவித் துருவிக் கேட்டார்’ என்பதற்கு ‘புரோப்’ அல்லது ‘கிரில்’. அரிக்கிற இடத்தைச் சொறிவது ‘ஸ்கிராட்ச்’.

இணையப் பக்கங்களிலிருந்து நிரல் கொண்டு தரவு எடுக்கும் ‘வெப் ஸ்கிரேப்பிங்’கில் இந்தச் சிக்கல் எதிர்த்திசையில் வருகிறது. ‘தரவுச் சுரண்டல்’ என்று பெயர் வைத்தால், தமிழில் அந்தச் சொல்லில் ஏறியிருக்கும் கொள்ளைப் பொருள் தானாக ஒட்டிக்கொள்ளும். வானிலை அட்டவணையை எடுக்கும் ஆராய்ச்சி மாணவரும் திருடர்போல் ஆகிவிடுவார். ‘தரவு வழித்தெடுத்தல்’ என்பதே நடுநிலையானது, செயலுக்கும் பொருந்துவது: பக்கத்தில் ஒட்டியிருப்பதை வழித்து நம் பாத்திரத்தில் போடுகிறோம். அனுமதியில்லாமல் மொத்தமாக அள்ளி விற்பதைக் கண்டிக்க வேண்டிய இடத்தில் ‘சுரண்டல்’ என்று தெரிந்தே எழுதலாம். இணைப்பு இணைப்பாகத் தாவிப் பக்கங்களைத் தேடிச் செல்வது ‘கிராலிங்’; போன பக்கத்திலிருந்து வேண்டியதை எடுப்பது ‘ஸ்கிரேப்பிங்’. இரண்டையும் ஒன்றாக எழுதுவது பரவலான பிழை.

8. கைப்பழக்கத்துக்குச் சில வாக்கியங்கள்

வலப்பக்கத்தை மூடிக்கொண்டு, ஆங்கிலத்தில் எந்த வினை வரும் என்று முதலில் நீங்களே சொல்லிப் பாருங்கள்.

காலணிச் சேற்றைப் படியில் வழித்துவிட்டு வா: ‘ஸ்கிரேப் த மட் ஆஃப்’.
பூனை சோபாவைப் பிராண்டிவிட்டது: ‘ஸ்கிராட்ச்’, முனை.
கண்ணாடியில் ஒட்டிய ஸ்டிக்கரை பிளேடால் எடுத்தான்: ‘ஸ்கிரேப் ஆஃப்’. பிளேடைப் படுக்கையாகப் பிடித்தால் விளிம்பு. நிமிர்ந்து முனை பட்டால் அதே வேலை கண்ணாடியில் ‘ஸ்கிராட்ச்’ ஆகிவிடும்.
ஸ்டிக்கர் ஒரே இழுப்பில் உரிந்து வந்தது: ‘பீல் ஆஃப்’.
பட்டி பார்க்குமுன் சுவரைச் சுரண்ட வேண்டும்: ‘ஸ்கிரேப் த வால்’, ‘ஆஃப்’ வேண்டாம்.
மகள் கல்விக் கட்டணத்துக்குப் பணம் புரட்டினார்கள்: ‘ஸ்கிரேப் டுகெதர்’.
அரசு அந்தத் திட்டத்தைக் கைவிட்டது: ‘ஸ்கிராப்’, இறந்தகாலத்தில் இரண்டு ‘பி’.
தொடையில் தூண் உரசி எரிகிறது: ‘ஸ்கிரேப்’ அல்லது ‘கிரேஸ்’, தொடைக்குரியவர் எழுவாய்.
பாலாடையை வழித்துச் சாப்பிட்டான்: சட்டி ஓரத்தில் ஒட்டியதானால் ‘ஸ்கிரேப்’, பாலின் மேல் மிதப்பதை எடுத்தால் ‘ஸ்கிம்’.